ஆளுக்கு ஒரு கால் சுற்று

1. பிரேக் வேண்டாம் என்ற பெண்

சுகன்யா முதல் தடவை எங்கள் பட்டறைக்கு வந்தபோது, அவள் கேட்டதை நம்பாமல் ஃபோர்மேன் தேவராஜ் மறுபடி மறுபடி கேட்டார்.

"பிரேக் வேணாமா?"

"வேணாங்க சார்."

"ஃப்ரீவீலும் வேணாம்?"

"வேணாங்க. சக்கரம் ஓடுனா பெடலும் ஓடிக்கினே இருக்கணும். பெடல் நின்னா சக்கரமும் நிக்கணும்."

"ஏம்மா, எங்க ஷெட்டுல சாமான் தள்ளுற கைவண்டிக்கே ஸ்டாப்பர் வச்சிருக்கோம். நீ பிரேக் இல்லாத சைக்கிள் கேக்குற. விழுந்து வாரினா எங்க பேரத்தான சொல்லுவ?"

"ஜெயிச்சாலும் உங்க பேரத்தான் சார் சொல்லுவேன்."

தேவராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயை அடைத்தவர்கள் எங்கள் பட்டறையில் அதிகம் இல்லை.

எங்கள் டிராயிங் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பட்டறையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நெய்வேலியில், டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பம் போகும் சாலையில் இருக்கிறோம். நிலக்கரியை ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் அதைத் தாங்கிச் சுழலும் ரோலர்களுக்கு ஐட்லர் என்று பெயர். அவற்றைப் பழுதுபார்ப்பதும் புதிதாகச் செய்வதும் நம் தொழில். முதலாளி ஹபீப் பாய். தேவராஜ் பெல்ட் வேலையிலேயே தலை நரைத்தவர். வெல்டர் செல்வம் குறிஞ்சிப்பாடிக்காரர். படம் வரைவதும், செய்து முடித்ததை அளந்து பார்ப்பதும் என் பொறுப்பு.

சுகன்யாவுக்கு ஊர் காடாம்புலியூர். பண்ருட்டியில் ஒரு முந்திரி கம்பெனியில் பில் போடும் வேலை. வெலோட்ரோமில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவள். வெலோட்ரோம் என்பது கிண்ணத்தின் உட்புறம் போலச் சரிந்த ஓடுபாதை. வளைவுகளில் சரிவு சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அவளுடைய பந்தயத்துக்கு பர்சூட் என்று பெயர். இரண்டு பேர் பாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒருவரை ஒருவர் துரத்துவார்கள்.

அவளிடம் சொந்த வண்டி கிடையாது. பயிற்சி மையத்தில் இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். அது அவளைவிட ஒரு சாண் உயரமான ஆளுக்கு அளவெடுத்தது.

"ஹேண்டில் பாரை எட்டி எட்டியே தோள் விட்டுப்போவுது மேடம். பாதி பலம் அந்த வண்டியப் புடிச்சிக்கினு இருக்கறதுக்கே சரியாப்பூடுது. சக்கரம், கிராங்க்கு, ஹேண்டில் பாரு எல்லாம் கோச் சார் இரவலுக்கு வாங்கித் தரேன்னிருக்காரு. ஃப்ரேம் மட்டும் என் அளவுக்கு வேணும்."

"எப்போ வேணும்?"

"மழை முடிஞ்சதும் ட்ரயல் இருக்குங்க. நேஷனல் கேம்ப்புக்கு ஆள் எடுக்கறாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "கம்பெனில என்னை சூப்பர்வைசர் ஆக்கறேன்றாங்க. அதுல சேந்தா ஞாயித்துக்கெழமகூட லீவு கெடைக்காது. இந்தத் தடவ செலக்ஷன் ஆவலன்னா சைக்கிள விட்டுட்டு அதுல சேந்துடறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

ஹபீப் பாய் அறையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "செஞ்சு குடுங்க மேடம். ரோலர் செஞ்சு செஞ்சு எனக்கும் அலுத்துப் போச்சு" என்றார்.

2. கீழே இறக்காதே

அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, பைப்பில் ஒரு போலி ஹேண்டில் பார் கட்டி, குனிய வைத்து அளவெடுத்தேன். முதுகு தரைக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாக வரவேண்டும் என்று அவளே சொன்னாள். "வண்டிய எங்கங்க தள்றோம், எதிர்க்காத்தத்தான் முக்காவாசி தள்ளிக்கினு போறோம்" என்றாள். வெலோட்ரோம் சைக்கிளை வரைவதில் பாதி வேலை ஆளை எப்படி மடித்து வைப்பது என்பதுதான். மேல் குழாயைக் குட்டையாக்கினேன். ஹேண்டில் பாரைச் சீட்டைவிடத் தாழ்வாக இறக்கினேன்.

பெடல்கள் சுழலும் அச்சு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில்தான் முதல் தகராறு வந்தது. தேவராஜ் அதைக் கீழே இறக்கச் சொன்னார். எடை தாழ்வாக இருந்தால் எந்த மெஷினும் ஆடாது என்பது அவர் அனுபவம். நம் தொழிலில் அது சரியும்கூட. சுகன்யா உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்தாள்.

"ட்ராக்கு இப்டி இருக்குங்க. சறுக்காம இருக்கணும்னா வேகமாப் போவணும். மெதுவாப் போறப்ப வண்டி நேரா நிக்கும், தரை சாஞ்சிருக்கும். பெடல் கீழ இருந்தா தரையில தட்டும். நாம பெடல நிறுத்தவும் முடியாது இல்லீங்களா, தட்டுச்சுன்னா மேலேர்ந்து கீழ வரைக்கும் தோலு போயிடும்."

வார்த்தையில் விளங்காததைச் செய்து பார்த்துவிடுவது நம் வழக்கம். ஒரு இரும்புத் தகட்டைச் சரித்து நிறுத்தி, இரவல் சக்கரங்களை அதன்மேல் வைத்து, அட்டையில் பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க்கும் பெடலும் வெட்டிச் சுற்றிப் பார்த்தோம். தேவராஜ் சொன்ன உயரத்தில் அட்டைப் பெடல் தகட்டில் மடங்கியது. "சரி, ஏத்திக்கோங்க" என்றார். நீளம் குறைந்த கிராங்க்கையே வாங்கச் சொல்லி கோச்சுக்குத் தகவல் அனுப்பினோம்.

படத்தில் பின் சக்கரம் மாட்டும் இடத்தைப் பார்த்ததும் தேவராஜின் முகம் மாறிவிட்டது. வெலோட்ரோம் வண்டியில் சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவு பின்னோக்கித் திறந்திருக்கும். அதில் சக்கரத்தைப் பின்னால் இழுத்துத்தான் செயினை வேண்டிய அளவுக்கு இறுக்க வேண்டும்.

"மேடம், இது டேக்-அப்!" என்றார், சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்தவர் போல.

பெல்ட்டின் கடைசிப் புல்லியைப் பின்னால் இழுத்து பெல்ட்டை விறைப்பாக வைக்கும் அமைப்புதான் டேக்-அப். இரண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். இரண்டையும் சமமாகத் திருக வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் ஒரு பக்கம் ஓடிவிடும். அதே மாதிரி சைக்கிளின் பிளவிலும் பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டி ஸ்க்ரூ வைக்கலாம் என்றார். அப்படி வைத்த வண்டிகளும் உண்டு என்று சுகன்யாவும் சொன்னாள். அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் முன்னால் நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும். வரைந்தேன்.

குழாய் வந்தது. தட்டினால் கிண்ணென்று கேட்கும் மெல்லிய குரோம்-மாலி எஃகுக் குழாய். எங்கள் தடித் தகடுகளோடு பழகிய செல்வம் அதைக் கையில் உருட்டிப் பார்த்தார். "முட்டை ஓட்டுல கோலம் போடச் சொல்றீங்க" என்றார். துண்டுக் குழாய்களில் ஓட்டை விழ விழப் பழகினார். ஓட்டை விழாத நாள் வந்த பிறகுதான் ஃப்ரேமைத் தொட்டார். குழாய்களை அசையாமல் பிடிக்கும் ஜிக்கிலிருந்து கழற்றி நான் அளந்தபோது ஃப்ரேம் எந்தப் பக்கமும் முறுக்கிக்கொள்ளவில்லை. அவருக்கு அன்று ஹபீப் பாய் பிரியாணி வாங்கித் தந்தார்.

3. ஐட்லர் மேல் சவாரி

பிரேக் இல்லாத வண்டியை டவுன்ஷிப் சாலையில் ஓட்ட முடியாது. வெலோட்ரோமோ சென்னைப் பக்கம் இருக்கிறது. ஆகவே ஷெட்டுக்குள்ளேயே ஓட்டுவதற்கு வழி செய்தோம். மூன்று ஐட்லர்களை ஒரு சட்டத்தில் படுக்க வைத்தோம். பின் சக்கரம் இரண்டின் மேல் உட்காரும், முன் சக்கரம் ஒன்றின் மேல். முன் ஐட்லரும் சேர்ந்து சுழல ஒரு பெல்ட் மாட்டினோம். வண்டி இடம் நகராது, சக்கரங்கள் ஓடும். சைக்கிள் வீரர்கள் இதற்கென்றே செய்த ரோலர் வைத்திருப்பார்கள். எங்களுடையது கொஞ்சம் யானை ஜாதி.

சுகன்யா காலையில் காடாம்புலியூரிலிருந்து பஸ்ஸில் வந்து, ஓட்டிவிட்டு, எங்கள் பாத்ரூமிலேயே உடை மாற்றிக்கொண்டு பண்ருட்டிக்கு வேலைக்குப் போவாள். வண்டி ஷெட்டிலேயே இருக்கும்.

ஹபீப் பாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சுத்துற சாமான் எதுவும் என் ஷெட்டுல கார்டு இல்லாம நிக்கக் கூடாதும்மா. ரேஸ் அன்னிக்குக் கழட்டிக்கோ." செயினை முழுக்க மூடித் தகட்டில் ஒரு கார்டு செய்து மாட்டினோம். பின்புறம் ஸ்க்ரூவின் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

முதல் வாரம் அவள் ஓட்டியதைப் பார்க்க வேண்டும். ஐட்லர்களின் இரைச்சல் ஏறி ஏறி ஒரே சீராக நிற்கும். முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாலும் சிந்தாது என்று தோன்றும். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று தேவராஜ் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு இரைச்சல் பழைய உயரத்துக்கு ஏறவில்லை.

"பின்னால யாரோ சீட்டப் புடிச்சி இழுத்துக்கினு இருக்கற மாதிரி இருக்கு மேடம்" என்றாள் ஒரு நாள்.

தேவராஜ் ஐட்லர் கிரீஸைச் சந்தேகித்தார். கெட்டி கிரீஸை வழித்தெடுத்துவிட்டு இளகிய எண்ணெய் விட்டார். ஒரு நாள் தேவலை போலிருந்தது. மறுநாள் அதே கதை. ஐட்லர் பேரிங்குகளை மாற்றினோம். டயரில் காற்றைக் கூட்டினோம். நான் எதையும் கழற்றாமல் நூல் பிடித்து ஃப்ரேமை மறுபடியும் அளந்தேன். வரைந்தபடியே இருந்தது.

அவள் பேச்சு குறைந்துவிட்டது. வருவாள், ஓட்டுவாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு போவாள். ஒரு தடவை இறங்கியதும் தன் தொடையில் இரண்டு அடி அடித்துக்கொண்டாள். வண்டியைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இத்தனை பேர் பார்த்துப் பார்த்துச் செய்தது, கோளாறு தன் காலில்தான் என்று முடிவு செய்துவிட்டாள்.

4. கார்டைக் கழற்றினாள்

ட்ரயலுக்குச் சில நாட்களே இருந்தன. அன்று கார்டின் ஒரு போல்ட் தளர்ந்து தகடு கடகடவென்று சத்தம் போட்டது. எரிச்சலில் சுகன்யா இறங்கி, ஸ்பேனர் எடுத்துக் கார்டையே கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு அப்படியே குந்திக்கொண்டு பார்த்தாள்.

"மேடம், கொஞ்சம் வாங்க. தொட்டுப் பாருங்க."

செயினை இரண்டு விரலால் அழுத்தினேன். கம்பி போல விறைத்து நின்றது. ஃப்ரீவீல் இல்லாத வண்டியில் செயின் கொஞ்சம் துவண்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயாவது பிடிக்கும், அச்சு பேரிங்கையும் நெரிக்கும். வண்டியைக் கொடுத்தபோது நாங்களே அளந்து துவள விட்டிருந்தோம்.

"யாருங்க இத முறுக்கினது?" என்று சத்தமாகக் கேட்டாள்.

செல்வம் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். "நான்தான்மா. ஓட ஓடத் தளந்துடுமேன்னு, இந்தப் பக்கம் போறப்ப ஒரு கால் சுத்து வுடுவேன். அதுக்கு மேல இல்ல."

"நீயா?" என்றார் தேவராஜ். "நான்ல திருகிட்டு இருக்கேன்! தெனம் காலைல வந்ததும் ஒரு கால் சுத்து. ரெண்டு பக்கமும் சமமா!"

வாட்ச்மேன் முருகேசன் டீ கேனோடு வந்தவர், அதைக் கீழே வைக்காமலே நின்றார். அவரும் பெல்ட் பக்கம் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர்தான். "ஃபோர்மேன் சார், ரவுண்டு வர்றப்ப நானும் ஒரு கால் சுத்து… பொண்ணு காலைல வந்து ஓட்டுதே, விறைப்பா இருக்கட்டுமேன்னு."

நம் ஷெட்டில் ரோலர் டெஸ்ட் பண்ணும் பெல்ட்டைக் கடந்து போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். பேசிக்கொண்டே ஸ்க்ரூவில் ஒரு கால் சுற்று விட்டுவிட்டுப் போவார்கள். பெல்ட் தளர்ந்தால் புல்லியில் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் நெருப்பு. ஆகையால் இறுக்குவதில் தப்பே கிடையாது என்பது எங்கள் கைகளில் ஊறிப்போன பாடம். செயின் வழுக்காது, அது பல்லில் மாட்டி ஓடுவது என்று அந்தக் கைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஹபீப் பாய் அறையிலிருந்து வந்தார். "என்ன கூட்டம்? டீ வந்துருச்சா?"

தேவராஜ் நடந்ததைச் சொன்னார். பாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நான் கால் சுத்து இல்லப்பா" என்றார். "அரைக்கால் சுத்துதான்."

செல்வம்தான் முதலில் சிரித்தார். பிறகு முருகேசன். சுகன்யா சிரிக்கவில்லை.

"எனக்குக் காலு போச்சுன்னு அப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டேங்க" என்றாள். "ட்ரயலுக்குப் போவல, சூப்பர்வைசர் வேலைக்குச் சேந்துக்கறேன்னு இன்னிக்கி கம்பெனில சொல்றதா இருந்தேன்."

டீயை யாரும் தொடவில்லை. தேவராஜ் குந்தி, சக்கர அச்சின் நட்டையும் இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தி, செயின் துவள்வதை அவளையே தொட்டுப் பார்க்கச் சொல்லி, நட்டை இறுக்கினார். அவள் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் ஐட்லர்கள் நாங்கள் முதல் வாரத்தில்கூடக் கேட்காத ஸ்தாயியில் பாடின. இத்தனை நாளாக விறைத்த செயினை இழுத்து இழுத்து அவள் கால் உரமேறியிருந்தது.

5. வைத்ததை எடுத்தோம்

"இனிமே ஒரு பய தொட மாட்டான். போர்டு எழுதி மாட்டிடலாம்" என்றார் தேவராஜ்.

டெஸ்ட் பெல்ட்டுக்குப் பக்கத்திலும் தொடாதே என்று போர்டு இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டே திருகுகிறவர்களை எனக்குத் தெரியும். கேம்ப்புக்குப் போனால் அங்கேயும் அன்பான கைகள் இருக்கும். ஸ்க்ரூவையே எடுத்துவிடலாம் என்றேன்.

தேவராஜ் எதிர்த்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நின்ற இடத்திலிருந்து முழு பலத்தோடு மிதித்துக் கிளம்பும்போது செயின் சக்கரத்தின் வலது பக்கத்தை முன்னால் இழுக்கும். ஸ்க்ரூ இல்லாமல் சக்கரம் கோணிக்கொண்டால் அந்த இடத்திலேயே பந்தயம் முடிந்துவிடும். அப்படியானால் அச்சின் நட்டே சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். பிளவின் தகட்டைத் தடிமனாக்கி, நட்டுக்கு அடியில் சொரசொரப்பாகப் பல் வெட்டிய வாஷர் வைத்து வரைந்தேன். வாஷரை தேவராஜே லேத்தில் கடைந்து தந்தார்.

ஸ்க்ரூவைத் தாங்கிய காது போன்ற துண்டுகளைச் செல்வம் கிரைண்டரில் வெட்டினார். "இத்தனை வருஷத்துல தாங்கலன்னு தகடு சேத்துத்தான் குடுத்திருக்கேன். வேணாம்னு எடுக்கறது இதான் மொத தடவ" என்றார்.

பின் சக்கரத்தை ஒரு கட்டையில் முட்டுக்கொடுத்து, சுகன்யாவை எழுந்து நின்று மிதிக்கச் சொன்னோம். கோடு போட்டு வைத்திருந்த இடத்திலிருந்து சக்கரம் அசையவில்லை. இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னார் தேவராஜ். பிறகு செல்வத்தை ஏற்றி மிதிக்க வைத்தார். அப்போதும் அசையவில்லை. "இருக்கட்டும்" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

ஸ்பேனரைச் சுகன்யாவிடம் கொடுத்தோம். அவள் அதை டிபன் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே எடுத்துப்போனாள்.

6. ட்ரயல்

நானும் தேவராஜும் கூடப் போனோம். நடுவர்கள் வண்டியை வாங்கி அளவுச் சட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய சரிவை நேரில் பார்த்ததும் தேவராஜ், "பெடல ஏத்தினது நல்லதாப் போச்சு" என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த நிமிஷம் அவர் கண் செயினுக்குப் போய்விட்டது.

"தொங்குதே மேடம்."

"தொங்கணும் சார்."

"தெரியுது. ஆனாலும் தொங்குதே."

பார்வையாளர் பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது எதிர்ப்பக்கத்துப் பெண் முந்தினாள். சுகன்யா எழுந்து நின்று மிதித்த அந்த முதல் சில மிதிகளில் நான் அவளைப் பார்க்கவில்லை, பின் சக்கரத்தையே பார்த்தேன். நழுவவில்லை. அவள் உட்கார்ந்து, குனிந்து, நாங்கள் அளவெடுத்தபடி மடிந்தாள். பாதியில் இருவரும் சமமானார்கள். கடைசிச் சுற்றுகளில் எதிர்ப்பக்கத்துப் பெண்ணின் தோள்கள் ஆடத் தொடங்கின. சுகன்யாவின் முதுகு ஆடவில்லை.

முந்தி முடித்த பிறகும் அவளால் உடனே நிற்க முடியாது. வேகம் தணியும்வரை சுற்றிச் சுற்றி வந்து கீழே இறங்கினாள். தேவராஜ் ஓடிப்போய் சீட்டைப் பிடித்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு வண்டி?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "வண்டி இருக்கறதே தெரிலங்க சார்."

பெல்ட்டோ சைக்கிளோ, நாம் செய்த ஒன்றைப் பற்றி இதைவிடப் பெரிய பாராட்டை நான் இதுவரை கேட்டதில்லை.

சாயங்காலம் கேம்ப்புக்கு எடுத்தவர்களின் பெயரை வாசித்தார்கள். நான்கு பேர். மூன்றாவது பெயர் அவளுடையது. அவள் கொஞ்சம் தள்ளிப் போய் வீட்டுக்கு போன் போட்டாள். காற்றில் எங்களுக்கும் கேட்டது.

"அப்பா, அந்த சூப்பர்வைசர் வேலைய வேற யாருக்குனா குடுக்கச் சொல்லிடு. ஆமாம்பா… ஆமாம்… அழுவாத, ஆயாகிட்ட போனக் குடு."

இப்போது கேம்ப்பிலிருந்து இன்னும் இரண்டு ஃப்ரேமுக்கு அளவு வந்திருக்கிறது. அவற்றை நீங்கள் இருவரும்தான் வரையப் போகிறீர்கள். நான் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வரைந்து முடித்ததும் அந்தப் பொருளைச் சுற்றி யார் யார் நடமாடுவார்கள் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். திருகக்கூடிய ஒன்றை வெளியே நீட்டி வைத்தால், அதன்மேல் அக்கறை உள்ள ஒவ்வொருவரும் அதைத் திருகுவார்கள். அவர்களைக் கோபித்துப் பயனில்லை, அந்த அக்கறை இல்லாத பட்டறையில் எதுவும் நேராக நிற்காது. கையைத் தடுக்க முடியாத இடத்தில் ஸ்க்ரூவை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு எது பிடித்துக்கொள்ளும் என்பதையும் நீங்களே வரையுங்கள்.